யார் வீட்டுப் பாட்டு?

தார் பாலைவனத்தின் பரம்பரை இசைக்குடிகளும் அவர்களை வாழவைத்த உறவும்

ஜெய்சல்மேரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பட்டி ராஜபுத்திரர் வீட்டுப் பையனுக்குக் கல்யாணம் என்றால், அந்த வீட்டுக்கு உரிய மாங்கணியார் குடும்பம் தானாகவே வந்து சேரும். யாரும் பேரம் பேசுவதில்லை. எத்தனை மணி நேரம் பாட வேண்டும் என்ற கேள்வியும் எழுவதில்லை. மாப்பிள்ளை குதிரை ஏறும்போது பாட ஒரு வகைப் பாட்டு உண்டு. பெண் வீட்டு வாசல் தோரணத்தை அவர் தொடும்போது பாட இன்னொரு வகை. பெண் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது பாடுகிற ‘ஓளூ’ தனி. இவற்றுக்கு நடுவே, குடும்பத் தலைவரின் பாட்டன், முப்பாட்டன் பெயர்களை வரிசையாகச் சொல்லி வாழ்த்தும் ‘சுபராஜ்’ வரும். அந்த வரிசையில் ஒரு பெயர்கூட விட்டுப்போகக் கூடாது.

பாடுபவர் முஸ்லிம், பாட்டைப் பெறுபவர் இந்து. பாடுகிறவரின் தகப்பனார் இதே வீட்டில் இந்தத் தலைவரின் கல்யாணத்துக்குப் பாடியிருப்பார். அவருடைய தகப்பனார் அதற்கும் முந்தைய தலைமுறைக்குப் பாடியிருப்பார். நிலம், கிணறு, ஆடுமாடு ஆகியவற்றைப் போலவே இந்த உறவும் பரம்பரைச் சொத்து. மாங்கணியார் வீட்டில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரியும்போது, எந்தப் புரவலர் குடும்பம் யாருக்கு என்பதையும் பிரித்துக்கொள்வார்கள்.

இன்று உலகம் முழுக்க ‘ராஜஸ்தான் நாட்டுப்புற இசை’ என்ற பெயரில் அறியப்படும் மாங்கணியார், லங்கா சமூகங்களின் இசை இந்த உறவுக்குள்தான் வளர்ந்தது. அது மேடைக்கு வந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. பத்மஸ்ரீ விருதுகளும் வெளிநாட்டுப் பயணங்களும் சினிமா வாய்ப்புகளும் வந்துவிட்டன. அழிந்துவரும் கலை என்று வழக்கமாகப் புலம்புவதற்கு இங்கே இடமில்லை. இசைக் கலைஞர்கள் இருக்கிறார்கள், இளைஞர்களும் வருகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு வீட்டின் நினைவைச் சுமந்த பாட்டு, யாரென்றே தெரியாத ஆயிரம் பேருக்கு முன்னால் பாடப்படும்போது அதில் எது மிஞ்சுகிறது, எது கழன்று விழுகிறது?

கம்பு விளையும் நிலம்

இந்தக் கேள்வியை முதலில் ஆழமாக யோசித்தவர் கோமல் கோத்தாரி. 1929இல் பிறந்த அவர், கதைசொல்லியும் எழுத்தாளருமான விஜய்தான் தேத்தாவுடன் சேர்ந்து ஜோத்பூர் மாவட்டத்தின் போருந்தா கிராமத்தில் 1960இல் ‘ரூபாயன் சன்ஸ்தான்’ என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். தேத்தா வாய்மொழிக் கதைகளைத் தேடிப் போனார். கோத்தாரி இசையைத் தேடிப் போனார். ராஜஸ்தானை அரச வம்சங்களின் கண்ணால் பார்ப்பதைக் கோத்தாரி ஏற்கவில்லை. மக்கள் எதைத் தின்று உயிர் வாழ்கிறார்களோ அதுவே பண்பாட்டின் எல்லையை வகுக்கிறது என்பது அவர் கருத்து. கம்பு நிலம், சோள நிலம், மக்காச்சோள நிலம் என்று மாநிலத்தை மூன்றாகப் பிரித்தார். மேற்கே விரிந்து கிடக்கும் தார் பாலைவனம் கம்பு நிலம்.

இந்த நிலத்தின் அளவு தெரிந்தால்தான் இசையின் இயல்பு புரியும். ஜெய்சல்மேர் ஒரு மாவட்டம் மட்டுமே, ஆனால் பரப்பளவில் ஏறத்தாழ கேரள மாநிலத்துக்குச் சமம். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 17 பேர்தான் வசித்தார்கள். தமிழ்நாட்டில் அந்த எண் 555. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட எட்டாத பகுதிகள் நிறைய. மழை பொய்த்தால் மந்தையை ஓட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். 1899-1900இல் வந்த ‘சப்பனியா’ பஞ்சத்தை இன்றும் அங்கே பேச்சில் நினைவுகூர்கிறார்கள்.

ஊருக்கும் ஊருக்கும் இடையே இவ்வளவு தூரம். எழுத்து அறிந்தவர்கள் குறைவு. பஞ்சத்தில் சிதறிப்போன குடும்பங்கள் மழைக்குப் பிறகு மறுபடி சேர வேண்டும். இந்தச் சூழலில் யார் யாருக்குச் சொந்தம், யாருடைய பாட்டனார் எந்தக் கிணற்றை வெட்டினார், எந்தச் சண்டையில் உயிர்விட்டார் என்பதையெல்லாம் நினைவில் வைத்திருக்க ஓர் ஆள் தேவை. சாரணர், பாட் போன்ற சமூகங்கள் வம்சாவளியைத் தொழிலாகவே பேணின. மாங்கணியார்கள் அதை இசையில் கலந்து வீட்டு விசேஷங்களில் உயிரோடு வைத்திருந்தார்கள்.

இரண்டு சமூகங்கள், இரண்டு வாத்தியங்கள்

மாங்கணியார், லங்கா இருவரும் இஸ்லாமியர்கள், இருவரும் பரம்பரை இசைக்குடிகள். வித்தியாசம் புரவலரிடமும் வாத்தியத்திலும் தெரியும். ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் பரவியிருக்கும் மாங்கணியார்களுக்குப் பெரும்பாலும் ராஜபுத்திரர் முதலான இந்துக் குடும்பங்கள் புரவலர்கள். மேக்வால் போன்ற ஒடுக்கப்பட்ட சமூகங்களும் இந்த உறவுக்குள் உண்டு. பார்மேர், ஜோத்பூர் பகுதிகளில் வாழும் லங்காக்களுக்குச் சிந்தி சிபாய்கள் என்ற இஸ்லாமியர் புரவலர்கள். புரவலரை ‘ஜஜ்மான்’ என்கிறார்கள்.

மாங்கணியாரின் தனி வாத்தியம் கமாய்ச்சா. மாமரத்தைக் குடைந்து செய்த பெரிய உருண்டைக் கலத்தின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துப் போர்த்துகிறார்கள். ஆட்டுக் குடலில் முறுக்கிய மூன்று தடித்த தந்திகள்தான் முதன்மையானவை. அவற்றோடு உலோகத் துணைத் தந்திகள் பலவும் உண்டு. வில் தொடாமலேயே இவை அதிர்ந்து ரீங்கரிக்கும். வாசிப்பவர் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியைச் செங்குத்தாக நிறுத்தி, குதிரைமுடி கட்டிய நீண்ட வளைந்த வில்லை இழுக்கிறார். குடல் தந்தியிலிருந்து எழும் ஓசைக்குத் தொண்டை கரகரத்த ஒரு முதியவரின் குரல்தன்மை உண்டு. வயலினின் தெளிவை அதில் எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. பாடகரின் குரலுக்குக் கீழே அது இன்னொரு குரலாக ஓடுகிறது.

லங்காக்களில் இரு பிரிவுகள் உண்டு. ஒரு பிரிவினர் சிந்தி சாரங்கி வாசித்துப் பாடுவார்கள். சுர்னையா லங்காக்கள் என்னும் மற்றொரு பிரிவினர் சுர்னாய், இரட்டைக் குழலான சதாரா, சுரைக்குடுக்கையில் செய்த முரளி ஆகிய காற்று வாத்தியங்களை வாசிப்பார்கள். மூச்சு அறுபடாமல் வாசிக்க வேண்டும் என்பதால், கன்னத்தில் காற்றைத் தேக்கி வெளிவிட்டபடியே மூக்கால் உள்ளிழுக்கும் வித்தையைச் சிறுவயதிலேயே பழகுகிறார்கள்.

மேடையில் கூட்டத்தைக் கவர்வது கர்தால். தட்டையான நான்கு மரத்துண்டுகள், கைக்கு இரண்டு, அவ்வளவுதான். உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் இடையே அவற்றை மோதவிட்டு, தபலாக்காரர் விரலால் எடுக்கும் வேகத்தை எட்டிவிடுகிறார்கள். பார்மேர் பகுதியைச் சேர்ந்த சித்திக் கான் இந்த எளிய மரத்துண்டுகளைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியவர்; 2002இல் காலமானார்.

இவர்களின் இசையை எளிய நாட்டுப்பாட்டு என்று ஒதுக்குவது பெரும் பிழை. சோரட், மாரூ, சாமேரி, சூஹப், தானி, ராணோ என்று அவர்களுக்கென்றே ராகங்கள் உண்டு. சாஸ்திரிய சங்கீதத்தில் இதே பெயர் கொண்ட ராகங்களோடு சில ஒத்துப்போகும், சில ஒத்துப்போகாது. பாட்டுக்கு முன்னால் அந்த ராகத்தில் ‘தோஹா’ என்னும் ஈரடிகளைத் தாளமில்லாமல் விரித்துப் பாடுவார்கள். ராணோ ராகம் மூமல் – மகேந்திர ராணா காதல் கதையோடு பிணைந்தது. மூமல் ஜெய்சல்மேருக்கு அருகே உள்ள லோத்ரவாவைச் சேர்ந்தவள்; ராணா இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் உமர்கோட்டைச் சேர்ந்தவன். ஒரே ராகத்தில் இரண்டு நாடுகள் இருக்கின்றன.

பாடல்களிலும் தரவரிசை உண்டு. ‘மோட்டா கீத்’ என்னும் பெரிய பாடல்கள் கனமானவை, நீளமானவை, வீட்டுச் சடங்கோடு கட்டுண்டவை. ‘சோட்டா கீத்’ என்னும் சிறிய பாடல்கள் பொழுதுபோக்கானவை. ஆண்கள் கூடும் ‘கச்சேரி’யில் பாடுவதற்கு வேறு தொகுதி. அந்தச் சபைகளில் சூஃபி மகான் ஷா அப்துல் லத்தீஃபின் பாடல்களும் கபீரும் மீராவும் ஒரே இரவில் அடுத்தடுத்து வருவார்கள். கண்ணனைப் பாடுகிற முஸ்லிம் என்று நாம் வியக்கிறோம். புரவலர் வீட்டுத் தெய்வம் தங்கள் பாட்டுக்கும் தெய்வம் என்பது அவர்களுக்குத் தொழில் ஒழுக்கம்.

தலைப்பாகையைப் புதைக்கும் உரிமை

புரவலர் உறவை இனிமையாக மட்டும் சித்திரிப்பது நேர்மையாகாது. மாங்கணியார்களுக்குச் சாதி அடுக்கில் தாழ்ந்த இடம்தான் தரப்பட்டது. ஒட்டகம், ஆடு, தானியம், துணி, பணம், நகை என்று விசேஷத்துக்கு விசேஷம் கிடைத்த ‘நேக்’ அவர்களுக்கு உரிமை என்றாலும், கொடுக்கும் கை எப்போதும் மேலேதான் இருந்தது.

ஆனால் கீழே இருந்தவர்களிடமும் ஓர் ஆயுதம் இருந்தது. கோத்தாரி விவரித்த வழக்கம் இது: புரவலர் தன் கடமையைத் தொடர்ந்து தட்டிக்கழித்தால், இசைக் கலைஞர் முதலில் அவருக்குச் சுபராஜ் சொல்வதை நிறுத்துவார். அதற்கும் அசையாவிட்டால் தன் தலைப்பாகையையும் வாத்தியத்தின் தந்திகளையும் அந்த வீட்டு வாசலில் புதைத்துவிடுவார். அதன்பின் அவர்களுக்குள் உறவு அறுந்தது. வேறொரு கலைஞர் அந்த வீட்டில் வந்து பாட மாட்டார். தன் முன்னோர் பெயர் சபையில் ஒலிக்காத குடும்பம் ஊரில் தலைகாட்டக் கூசும். நினைவு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் ஓரளவு அதிகாரமும் இருந்தது.

அந்த அதிகாரத்தின் எல்லையை 2017இல் நடந்த ஒரு நிகழ்வு காட்டியது. ஜெய்சல்மேர் மாவட்டத்தின் தாந்தல் கிராமத்தில் நவராத்திரி இரவில் கோயிலில் பாடிய மாங்கணியார் பாடகர் ஒருவர், அன்றிரவே அடித்துக் கொல்லப்பட்டார். பூசாரி மேல் தேவி இறங்கும்படி உரிய ராகத்தைச் சரியாகப் பாடவில்லை என்பதில் தொடங்கிய தகராறு அது என்று செய்திகள் தெரிவித்தன. அச்சத்தில் சுமார் 200 மாங்கணியார்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த ஊருக்குப் பாடியவர்கள் அவர்கள். பரம்பரை உறவுக்குள் அன்பும் இருந்தது, வன்முறைக்கான வாய்ப்பும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அந்தப் பழைய உலகத்துக்காக ஏங்குவது, அங்கே அடிபட்டவர்களை மறப்பதாகும்.

முள்வேலிக்கு இரு புறமும்

1947இல் வரைந்த எல்லைக்கோடு இந்த இசையின் நடுவே போனது. புரவலர்கள் ஒரு பக்கம், பாடுகிறவர்கள் மறுபக்கம் என்று பல குடும்பங்கள் பிரிந்தன. எல்லைக்கு அப்பால் சிந்து மாகாணத்தின் தார்பார்க்கரிலும் உமர்கோட்டிலும் சோடா ராஜபுத்திரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாடும், மாங்கணிஹார் எனப்படும் மாங்கணியார்களும் இருக்கிறார்கள். தார்பார்க்கரின் பெரும் பாடகி மாயி பாகி அந்தக் குலத்தில் பிறந்தவர். பாகிஸ்தான் வானொலி அவர் குரலை நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது.

தொடக்கத்தில் மக்கள் இரு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தார்கள். 1965 போர் அதைத் துண்டித்தது. ஜோத்பூரையும் கராச்சியையும் இணைத்த ‘தார் எக்ஸ்பிரஸ்’ ரயில் 2006 பிப்ரவரியில் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2019 ஆகஸ்ட்டில் நின்றது. மூமலுக்கும் ராணாவுக்கும் நடுவே இருந்த பாலைவனத்தை ராணா ஒரே இரவில் ஒட்டகத்தில் கடந்ததாகக் கதை. இன்றோ அதே தூரத்தைக் கடக்க ரயில் இல்லை.

சுருளில் ஓடும் தெய்வம், பாம்பை இழந்த மகுடி

மாங்கணியாருக்கு வீடு எப்படியோ, போப்பாக்களுக்கு மந்தை அப்படி. நாயக் சமூகத்தைச் சேர்ந்த போப்பாக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாபுஜி என்னும் வீரத்தெய்வத்தின் கதையைப் பாடுகிறவர்கள். அவர்களுடைய நடமாடும் கோயில் ‘பட்’ எனப்படும் ஓவியத்துணி. பதினைந்து அடி அளவு நீளமுள்ளது. பொழுது சாய்ந்ததும் இரண்டு கம்பங்களுக்கு இடையே அதை விரித்துக் கட்டுகிறார்கள். கொட்டாங்கச்சியில் தோல் போர்த்திய ராவணஹத்தாவின் வில்லில் சலங்கை கட்டியிருக்கும். போப்பா அதை வாசித்துக்கொண்டே ஆடுவார், பாடுவார். அவருடைய மனைவி போப்பி விளக்கைத் தூக்கிப் பிடித்து, பாட்டில் வரும் காட்சி துணியில் எங்கே இருக்கிறதோ அங்கே வெளிச்சம் காட்டியபடி உடன் பாடுவார். முழுக் கதையையும் பாடி முடிக்கப் பல இரவுகள் வேண்டும்.

மேற்கு ராஜஸ்தானின் மார்வார் பகுதிக்கு ஒட்டகத்தைக் கொண்டுவந்தவர் பாபுஜி என்பது நம்பிக்கை. எனவே ஒட்டகத்துக்கு நோய் கண்டால் ரபாரி மேய்ப்பர்கள் போப்பாவை அழைத்துப் பாடவைப்பார்கள். பாட்டுதான் மருந்து. இந்தக் காப்பியத்தை விரிவாக ஆராய்ந்து ஜான் டி. ஸ்மித் 1991இல் நூலாக வெளியிட்டார். அதன் பின்னான ஆண்டுகளில் ஒட்டகமே குறைந்துவிட்டது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019இல் இரண்டரை லட்சமாகச் சுருங்கின. டிராக்டரும் சாலையும் வந்தன. மேய்ச்சல் நிலம் போயிற்று. ஒட்டகம் இல்லாத இடத்தில் ஒட்டகத்தைக் காக்கும் பாட்டை யார் கேட்பார்கள்?

ஓவியத்துணியின் கதியும் மாறியது. பில்வாரா, ஷாபுரா பகுதிகளின் ஜோஷி ஓவியர் குடும்பங்கள் தலைமுறைகளாக அதை வரைகின்றன. பழசாகிக் கிழிந்த துணியைத் தூக்கிப் போடுவதில்லை. தெய்வம் குடியிருந்த பொருள் என்பதால் புஷ்கர் ஏரியில் முறைப்படி நீரில் விடுவார்கள். இப்போது அதே ஓவியர்கள் சிறு சிறு காட்சிகளைத் தனித்தனியாக வரைந்து சுவரில் மாட்டுவதற்கு விற்கிறார்கள். அதனால் அந்த ஓவியக்கலை பிழைத்தது. ஓவியர்களின் அடுத்த தலைமுறை படித்தது. துணிக்கு முன்னால் நின்று பாட வேண்டிய போப்பாவுக்குத்தான் அந்தச் சந்தையில் இடமில்லை.

கால்பேலியாக்களின் கதை இன்னொரு திருப்பம். பாம்பு பிடித்து, மகுடி ஊதி, விஷக்கடிக்கு மருந்து கொடுத்துத் திரிந்த நாடோடிச் சமூகம் அது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்பு வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. தொழில் போனபின் எஞ்சியது ஆட்டமும் பாட்டும். பெண் குழந்தை என்பதால் பிறந்தவுடன் மண்ணில் புதைக்கப்பட்டு, உறவுக்காரப் பெண்மணியால் தோண்டி எடுக்கப்பட்ட குலாபோ சபேரா, 1980களின் தொடக்கத்தில் புஷ்கர் சந்தையில் ஆடியபோது சுற்றுலாத் துறையினர் கண்ணில் பட்டார். 1985இல் அமெரிக்காவில் நடந்த இந்திய விழாவுக்குப் போனார். 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். 2010இல் கால்பேலியா பாடலும் ஆடலும் யுனெஸ்கோவின் மானுடப் புலனாகாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தன. கறுப்புப் பாவாடை சுழல, பாம்பாய் வளையும் இந்த ஆட்டத்தைத் தொன்மையான சடங்கு என்று நினைத்துப் பார்க்கிறார்கள். இன்றைய மேடை வடிவம் அந்தப் பெண்கள் நம் கண்முன்னே உருவாக்கிக்கொண்டது. வாழ வழியற்ற நிலையில் ஒரு புதுக் கலையைப் படைத்தார்கள் என்பதே அவர்களுக்கான உண்மையான புகழ்.

மேடை எதை எடுத்துக்கொண்டது

1960களில் கோத்தாரி மாங்கணியார், லங்கா கலைஞர்களைக் கிராமத்து முற்றத்திலிருந்து நகரத்து மேடைக்கு அழைத்துவந்தார். 1980களில் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளில் நடந்த இந்திய விழாக்கள் அவர்களை உலகுக்குக் காட்டின. இதற்கிடையே சத்யஜித் ரே 1974இல் எடுத்த ‘சோனார் கெல்லா’ ஜெய்சல்மேர்க் கோட்டையைச் சுற்றுலா வரைபடத்தில் ஏற்றியிருந்தது. மன்னர் மானியங்களும் ஜாகீர்தாரி என்னும் நிலமானிய முறையும் ஒழிந்து புரவலர்கள் நொடித்துப்போன காலத்தில், ஓட்டல்களும் மணல்மேட்டுக் கூடாரங்களும் புதுப் புரவலர்களாயின.

அந்த மேடை இல்லாமல் போயிருந்தால் பலர் கூலி வேலைக்குப் போயிருப்பார்கள். ஹமீரா கிராமத்தின் கமாய்ச்சா மேதை சாகர் கான் 2012இல் பத்மஸ்ரீ பெற்றார். மறு ஆண்டே காலமானார். பாடகர் அன்வர் கானுக்கு 2020இலும், சிந்தி சாரங்கிக் கலைஞர் லாக்கா கானுக்கு 2021இலும் அதே விருது வந்தது. கேரளத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நாடக இயக்குநர் ராய்ஸ்டன் ஏபெல் 2006இல் ‘மாங்கணியார் செடக்‌ஷன்’ என்ற நிகழ்ச்சியை அமைத்தார். நான்கு அடுக்குகளில் 36 சிறு அறைகள், ஒவ்வொன்றுக்கும் சிவப்புத் திரை, சுற்றிலும் விளக்குகள். ஒரு திரை விலகி ஒற்றைக் கமாய்ச்சா ஒலிக்கும். பிறகு ஒவ்வொன்றாகத் திரைகள் விலகி, இறுதியில் சுவர் முழுக்க இசையாய்ப் பொங்கும். உலகின் பெரிய அரங்குகளில் அது மக்களை எழுந்து நிற்கவைத்தது. மாங்கணியார் பாடகர் மாமே கான் 2022இல் கான் திரைப்பட விழாவின் சிவப்புக் கம்பளத்தில் நடந்தார்.

இவை யாவும் அவர்கள் உழைத்துப் பெற்ற வெற்றிகள். அதே நேரத்தில், மேடை எதைத் தேர்ந்தெடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஓட்டல் முற்றத்தில் ஐந்து நிமிடப் பாட்டு போதும். அது வேகமாக முடிய வேண்டும். கர்தால் தெறிக்க வேண்டும். எனவே கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த பத்துப் பாடல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தாளமற்ற தோஹா சுருங்கியது. சடங்கோடு கட்டுண்ட மோட்டா கீத்துக்கு அங்கே வேலையில்லை. சுபராஜ் சொல்வதென்றால் யாருடைய முன்னோரைச் சொல்வது? எதிரே உட்கார்ந்திருப்பவரின் பாட்டன் பெயர் பாடுகிறவருக்குத் தெரியாது. கமாய்ச்சாவின் இடத்தில் பல குழுக்கள் ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டன. தூக்கிச் செல்ல எளிது, சுருதி சேர்க்கும் பாடு இல்லை. குடல் தந்தி முறுக்கவும் மரம் குடையவும் தெரிந்த கைவினைஞர்கள் அருகினார்கள்.

பெண்களின் இசை மேடைக்கு வரவே நெடுங்காலம் ஆயிற்று. மாங்கணியார் பெண்கள் புரவலர் வீட்டு அந்தப்புரத்தில் பிறப்புக்கும் திருமணத்துக்கும் பாடியவர்கள். அவர்களிடம் தனிப் பாடல் தொகுதியே இருந்தது. ஆண்கள் நிறைந்த பொதுச் சபையில் பாடுவதைச் சமூகம் தடுத்தது. போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்ட ருக்மா தேவி அந்தத் தடையை மீறி மேடையேறினார். எதிர்ப்பையும் வறுமையையும் தாங்கினார். அவர் 2011இல் மறைந்தார். அவர் திறந்த வழியில் நடந்தவர்கள் இன்னும் மிகச் சிலரே.

பாட்டு வீட்டை விட்டு வெளியேறியதும் அதற்கு உடைமையாளர் இல்லாமல் போனார். ‘நிம்பூடா’ என்ற மாங்கணியார் பாட்டு 1999இல் ‘ஹம் தில் தே சுகே சனம்’ இந்திப் படத்தின் வழியே நாடெங்கும் ஒலித்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் எழுதியவர் யார் என்று கேட்கும். தலைமுறைகளாகப் பாடிப் பாடி உருவான பாட்டிடம் அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. 1994 திருத்தம் நிகழ்த்துநருக்கு உரிமை தந்தது என்றாலும், அது அவர் பாடிய அந்த நிகழ்வுக்குத்தான். அவர் சமூகம் காத்த மெட்டுக்கு அது பொருந்தாது. ஒரு காலத்தில் இந்தப் பாட்டைக் கேட்பவருக்கு, பாடியவரின் குடும்பத்தைப் பஞ்சத்திலும் காக்கும் கடமை இருந்தது. சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் அந்தக் கடமை இல்லை. 2020இல் பெருந்தொற்றால் சுற்றுலா நின்றபோது பாலைவனத்துக் கலைஞர்களின் வருமானம் ஒரே வாரத்தில் நின்றுபோனது. புதுப் புரவலர்கள் அறையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

பதிவு என்பது குரல் மட்டுமா

ரூபாயன் சேகரித்த ஆயிரக்கணக்கான மணி நேர ஒலிநாடாக்கள் எண்ணிம வடிவத்துக்கு மாறிவருகின்றன. 1982இல் தொடங்கப்பட்ட இசையினவியல் ஆவணக் காப்பகம் ஒன்று குருகிராமில் செயல்படுகிறது. அதைச் சேர்ந்த சுபா சௌத்ரியும் அமெரிக்க ஆய்வாளர் டேனியல் நியூமனும் கோத்தாரியோடு இணைந்து, மேற்கு ராஜஸ்தானின் இசைக்குடிகளை ஊர்வாரியாகத் தேடி நிலப்படங்களோடு 2006இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். யார் எந்த ஊரில், எந்தப் புரவலருக்கு, எந்த வாத்தியத்தோடு பாடுகிறார் என்பதுதான் அதன் ஆதாரக் கேள்வி. இசையைத் தனியே பிய்த்தெடுக்காமல் உறவோடு சேர்த்து ஆவணப்படுத்தியது அதன் பெரும் பலம்.

அந்த முறையை அரசும் விழா அமைப்பாளர்களும் பின்பற்ற வேண்டும். ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையில் 2007 முதல் நடக்கும் நாட்டுப்புற இசை விழா போன்ற மேடைகளில் ஒரு பாடலுக்கு ஐந்து நிமிடம் என்றில்லாமல், ஒரு மோட்டா கீத்தை அதன் தோஹாக்களோடு முழுமையாகக் கேட்கும் அமர்வுகள் பெருக வேண்டும். கமாய்ச்சா செய்கிறவருக்கும் வாசிக்கிறவருக்குத் தரும் அளவு உதவித்தொகை தர வேண்டும். கருவி இல்லாமல் மாணவன் எதில் பழகுவான்? பெண்களின் பாடல்களைப் பெண் ஆய்வாளர்களைக் கொண்டு, அவர்கள் பாடும் இடத்திலேயே பதிவுசெய்ய வேண்டும்.

பாலைவனத்தில் இன்னும் திருமணங்கள் நடக்கின்றன. நகரத்துக்குக் குடிபெயர்ந்த புரவலர் குடும்பங்களில் பலவும் விசேஷத்துக்குத் தங்கள் மாங்கணியாரை வரவழைக்கின்றன. வெளிநாட்டு மேடையில் பாடித் திரும்பிய கலைஞர் மறு வாரமே ஊரில் ஜஜ்மான் வீட்டுப் பிள்ளைப்பேற்றுக்குப் பாடப் போகிறார். இந்த இரட்டை வாழ்க்கைதான் அவர்களுடைய இசைக்கு இன்றும் வேர் கொடுக்கிறது. ஆகவே இனி எடுக்கும் ஒவ்வொரு பதிவிலும் ராகத்தின் பெயரோடு மூன்று விவரங்கள் இடம்பெற வேண்டும்: பாடியவர் பெயர், அவர் ஊர், அந்தப் பாட்டு எந்த வீட்டின் எந்த விசேஷத்துக்கு உரியது. திரைப்படமோ விளம்பரமோ அந்த மெட்டை எடுக்கும் நாளில், பணம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு அந்த மூன்று வரிகள் சாட்சியாகும்.